வயிற்றால் கூரை வேய்ந்த உடும்பு

அல்லிக்குளத்தைச் சுற்றியிருந்த காட்டில் கெட்டியப்பன் என்று ஓர் உடும்பு இருந்தான். கூரை வேய்வதுதான் அவன் தொழில். குளக்கரையில் விளையும் விழல் புல்லை அறுத்துக் காயவைப்பான். அதைக் கட்டுக் கட்டாகக் கட்டி வீட்டின் மேல் அடுக்குவான். காற்று எப்படி அடித்தாலும் கூரையிலிருந்து வழுக்கி விழமாட்டான். உடும்பு அல்லவா!

வேலை படு சுத்தம். அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. அவன் போட்ட கூரை ஒழுகவே ஒழுகாது. ஒழுகாத கூரையை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? கூரை போட்டுக்கொண்டவர்கள் அவனை மறந்துவிட்டார்கள். கூரை போடாதவர்களுக்கோ அவனைத் தெரியவே தெரியாது. மழை வந்தால் அவர்கள் ஏதாவது இலைக்கு அடியில் ஒடுங்குவார்கள். இரண்டு நாள் தும்முவார்கள். பிறகு அதையும் மறந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. வாசலில் விழல் கட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. மழை வந்தால் அத்தனையும் அழுகிப்போகும். அவன் மனைவி மரகதத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க! இந்தப் புல்லை நாம தின்னவா முடியும்? அமாவாசைக்குள்ள பத்துப் புது வீடு பிடிங்க. ஒண்ணு குறைஞ்சாலும் எங்க அண்ணன்கூடக் குழி தோண்டப் போயிடணும்!"

மரகதத்தின் அண்ணன் பாதாளமூர்த்தி காட்டில் பெயர் பெற்ற வளைக்காரன். வளை வேண்டும் என்பவர்களுக்குக் குழி தோண்டித் தருவான். "மாப்பிள்ளையை என்கிட்ட அனுப்பு. மண் அள்ளப் பழக்கிடறேன்" என்று வரும்போதெல்லாம் சொல்லுவான்.

கெட்டியப்பனுக்கு அதைக் கேட்டாலே ஆகாது. உச்சியில் உட்கார்ந்து காடு முழுவதையும் பார்த்தவன் அவன்! இனிமேல் மச்சானின் வாலைப் பார்த்துக்கொண்டு மண் அள்ளுவதா?

"பத்து என்ன பத்து? இருபதே பிடிக்கிறேன், பார்!" என்று மார்தட்டிவிட்டுக் கிளம்பினான்.

வாசலைத் தாண்டுவதற்குள் பூங்காவனம் எதிரே வந்து நின்றாள். அவள் எட்டுக் குட்டிக்காரி முயல். போன வருஷம் அவள் வீட்டுக்குக் கூரை போட்டவன் கெட்டியப்பன்தான்.

"அண்ணே! நேத்து ஒரு குரங்கு கூரைமேல குதிச்சிட்டுப் போயிடுச்சு. முகட்டுல பொத்தல் விழுந்திருக்கு. என் உள்ளங்கை அளவுதான். ஒரு பிடி புல்லு வைச்சா அடைஞ்சிடும். குட்டிங்களுக்கு இன்னும் ரோமம்கூடச் சரியா முளைக்கலை அண்ணே!"

கெட்டியப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பூங்காவனம் பழைய வாடிக்கை. பொத்தல் அடைத்தால் பத்தில் சேராது.

"வரேன் தங்கச்சி, வரேன்! முதல்ல புது வேலையெல்லாம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

நேராக ஆள்காட்டிக் குருவி சொர்ணத்திடம் போனான். அவளைப்போல் உரக்கக் கத்த அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

"சொர்ணம்! நீ காடு முழுக்கப் பறந்து, 'கூரை வேணுமா, கூரை!'ன்னு கூவணும். தினம் அஞ்சு புழு தரேன்!"

"இவ்வளவுதானா? என் தொண்டையை நம்புங்க!" என்றாள் சொர்ணம்.

மறுநாள் காலை அவள் கூவினாள். என்ன கூவல் அது! குளத்துத் தண்ணீரே நடுங்கியது. ஆனால் ஒன்றை இருவருமே யோசிக்கவில்லை. சொர்ணம் கத்தினால் சிறுத்தை வருகிறது என்று அர்த்தம். காட்டில் பிறந்த குஞ்சுக்கும் குட்டிக்கும் அது தெரியும். அவள் என்ன சொல்கிறாள் என்று ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அத்தனை பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஒளிந்தார்கள்.

கெட்டியப்பன் சிரித்த முகத்தோடு பின்னாலேயே வந்தான். காட்டில் ஒரு ஈ, எறும்பு இல்லை. ஒரு பொந்துக்குள் தலையை விட்டு, "ஐயா, கூரை..." என்று ஆரம்பித்தான்.

"அறிவுகெட்டவனே! சிறுத்தை வருது, கூரையா கேக்குது உனக்கு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கூடவே ஒரு கை நீண்டு அவனையும் உள்ளே இழுத்துப்போட்டது. வராத சிறுத்தைக்குப் பயந்து அவன் சாயங்காலம் வரைக்கும் ஒரு முள்ளம்பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதை அவன் முதுகு நெடுநாள் மறக்கவில்லை.

"நீ வாயை மூடிக்கிட்டு இரு. அதுக்கு வேணும்னா பத்துப் புழு தரேன்!" என்று சொர்ணத்தை அனுப்பிவிட்டான்.

அடுத்து நேரே ஆளைப் பார்த்துப் பேசிவிடுவது என்று தீர்மானித்தான். முதலில் கண்ணில் பட்டது நிதானம் என்கிற ஆமை.

"எனக்கு எதுக்குக் கூரை? நான் பிறக்கும்போதே கூரையோட பிறந்தவன்" என்றான் நிதானம்.

"அதுதான் தப்பு! ஒத்தைக் கூரை. வெயில் இறங்காதா? அதுக்கு மேல ஒரு விழல் கூரை போட்டுப் பாருங்க. சும்மா குளுகுளுன்னு இருக்கும்!"

நிதானம் ஐந்து நாள் யோசித்துவிட்டுச் சரி என்றான். கெட்டியப்பன் அவன் முதுகின்மேல் அழகான கூரை ஒன்றைப் போட்டு, வயிற்றுக்குக் கீழே கயிறு விட்டு இறுக்கிக் கட்டினான். பார்க்க நடமாடும் வைக்கோல்போர்தான்! பெருமை தாங்காமல் நிதானம் குளத்தில் இறங்கினான்.

காய்ந்த புல் தண்ணீரில் முழுகுமா? நிதானமும் முழுகவில்லை. கூரை மிதந்தது. கூரைக்குக் கீழே அவன் நாலு காலையும் உதைத்துக்கொண்டு தொங்கினான். காற்று அவனை நடுக்குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஏழு தவளைகள் மேலே ஏறி உட்கார்ந்து கச்சேரியைத் தொடங்கிவிட்டன.

"டேய் உடும்பு! கழட்டுடா!" என்று அலறினான் நிதானம்.

"கவலைப்படாதீங்க! மழை வந்து குளம் நிறைஞ்சா தானா கரைக்கு வந்துடுவீங்க!" என்று கரையிலிருந்தே சொல்லிவிட்டு நழுவினான் கெட்டியப்பன்.

வழியில் பூங்காவனம் காத்திருந்தாள். "அண்ணே, பொத்தல் இப்ப ஒரு தட்டு அளவுக்கு ஆயிடுச்சு. காத்து அடிக்க அடிக்கப் புல்லு உருவிக்கிட்டுப் போகுது."

"நாளைக்குத் தங்கச்சி, நாளைக்கு!"

அந்த நாளைக்கு வரவில்லை. ஏனென்றால் மறுநாள் வாசலில் ஒரு வெள்ளாடு வந்து நின்றாள். மந்தையை விட்டு வழி தவறிக் காட்டுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவள் அவள்.

"எனக்கு ஒரு கூரை போடணும். நல்ல தடிப்பா இருக்கட்டும்!" என்றாள்.

கெட்டியப்பன் துள்ளிக் குதித்தான். தேடாமல் வந்த வாடிக்கை! அன்றைக்கே போட்டுக் கொடுத்தான். ஆடு சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தாள்.

"என்ன வாசனை! உன்னைப்பத்திக் காடு பூரா சொல்றேன். அதைவிடப் பெரிய கூலி உண்டா?"

"அது போதுங்க!" என்றான் கெட்டியப்பன் மனம் குளிர்ந்து.

மறுநாள் ஆடு திரும்பி வந்தாள். "ராத்திரி காத்துல கூரை பறந்துடுச்சு. இன்னொண்ணு போடு!"

போட்டான். அதுவும் பறந்தது. மூன்றாவதும் பறந்தது. நாலாவதும்! கெட்டியப்பன் அதிலும் குறை காணவில்லை. "ஒரே ஆளுக்கு நாலு கூரை! யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வாடிக்கை?" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டான்.

"நான் கேட்டது பத்து வீடு. நீங்க ஒரே வீட்டுக்கு நாலு தடவை போட்டிருக்கீங்க. ஆமையையும் சேர்த்தா ரெண்டுதான்!" என்றாள் மரகதம். அவளுக்குக் கணக்கிலேயே கண்.

ஐந்தாவது கூரையைப் போட்டு முடித்துவிட்டுப் பாதி வழி வந்தவன், கயிற்றை மறந்துவிட்டோமே என்று திரும்பினான். கூரையில் பாதியைக் காணோம். மீதிப் பாதி ஆட்டின் வாயில் தொங்கியது.

"காத்து அடிச்சதுன்னீங்களே!" என்று கத்தினான்.

"அடிச்சது... என் வாய்ப்பக்கமா அடிச்சது!" என்றாள் ஆடு, மென்றபடியே.

அப்போதுதான் கெட்டியப்பனுக்குப் புரிந்தது. இவள் எப்படிக் காடு முழுவதும் சொல்லியிருப்பாள்? வாய் காலியாக இருந்தால்தானே!

தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். மலையாக இருந்த விழலில் மிச்சம் ஒரே ஒரு கட்டு. மறுநாள் அமாவாசை. மச்சான் வந்து நிற்பான். ஒரு கட்டுப் புல்லை வைத்துக்கொண்டு கோழிக்குஞ்சுக்குக்கூடப் புதுக்கூரை போட முடியாது. அவன் அப்படியே உட்கார்ந்து அழுதான்.

காலையில் கட்டைப் பார்த்தான். புதுக்கூரைக்குப் போதாது. ஆனால் பொத்தல் அடைக்கப் போதுமே! மண்ணுக்குள் போவதற்கு முன் கடைசியாக ஒரு முறை உச்சியில் உட்கார்ந்துவிட்டாவது போகலாம் என்று தோன்றியது. ரோமம் முளைக்காத எட்டுக் குட்டிகளை நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்காவனம் வீட்டுக்குப் போனான்.

கூரை ஏறிப் பார்த்தால் பொத்தல் ஒரு முறம் அளவு இருந்தது. அன்றைக்கே வந்திருந்தால் ஒரு பிடி புல். இன்றைக்கு ஒரு கட்டே போதாதுபோல இருக்கிறதே! விறுவிறுவென்று அடுக்கினான். சுற்றிலும் அடைத்துக்கொண்டே வந்தான். கடைசியில் நடுவிலே கொஞ்சம் இடம் பாக்கி. கையில் ஒரு துரும்பு இல்லை.

சடசடவென்று மழை இறங்கியது.

கீழே குட்டிகள் கீச்சென்று கத்தின. கெட்டியப்பன் யோசிக்கவே இல்லை. பொத்தலின்மேல் குப்புறப் படுத்தான். வயிற்றை உப்பி அடைத்தான். நாலு காலாலும் முகட்டைப் பற்றிக்கொண்டான். உடும்புப் பிடி!

அப்படி ஒரு மழையை அந்தக் காடு பார்த்ததில்லை. இலைக்கு அடியில் ஒடுங்கியவர்களை இலையோடு அடித்துக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்தில் கூரை உள்ள வீடு பூங்காவனத்தின் வீடு ஒன்றுதான். கீரி ஓடி வந்தது. மயில் ஓடி வந்தது. கௌதாரி, அணில், மரநாய், நரி, முயலின் நாத்தனார் எல்லாரும் வந்தார்கள். சொர்ணம் நனைந்த பஞ்சாக வந்து விழுந்தாள். முள்ளம்பன்றி வந்ததும் அத்தனை பேரும் மரியாதையோடு ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். கடைசியாகப் பாதாளமூர்த்தி உடம்பெல்லாம் சேறாக நுழைந்தான். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன்!

உள்ளே ஒரு சொட்டு இல்லை. குட்டிகள் தூங்கிவிட்டன. வந்தவர்கள் வியந்து மேலே பார்த்தார்கள்.

"முகட்டுல அது என்ன, மஞ்சளா?" என்றது கீரி.

"மேலயும் கீழயும் போகுது! இந்தக் கூரை மூச்சு விடுது!" என்று கூவியது மயில்.

"புது மாதிரிக் கூரை! இப்பத்தான் வந்திருக்குபோல" என்றது நரி, எல்லாம் தெரிந்தவன் தோரணையில்.

பாதாளமூர்த்தி எட்டி உற்றுப் பார்த்தான். "இருங்க, இருங்க! இது எங்க மாப்பிள்ளை வயிறு மாதிரி இருக்கே!"

"அண்ணனேதான்! குட்டிங்க நனையக்கூடாதுன்னு அங்கேயே படுத்துட்டாரு" என்றாள் பூங்காவனம்.

மழை ஓய்ந்ததும் கெட்டியப்பனைக் கீழே இறக்கினார்கள். நடுங்கிக்கொண்டே ஆறு தும்மல் போட்டான். ஏழாவது தும்மலுக்குள் அவனை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என் வீட்டுக்கு ஒரு கூரை!" "எனக்கு முதல்ல!" "என் முட்டைங்களுக்கு ஒண்ணு!" இது சொர்ணம்.

"விழல் இல்லையே! எல்லாம் ஆட்டு வயித்துக்குள்ள இருக்கு!"

"நாங்களே அறுத்துத் தரோம்! நீ வந்து கட்டு!"

தகவல் கேட்டு ஓடி வந்த மரகதம் ஒவ்வொருவராக எண்ணினாள். கீரி, மயில், கௌதாரி, அணில், மரநாய், நரி, நாத்தனார் முயல், சொர்ணம், முள்ளம்பன்றி. ஒன்பது! ஆமையைச் சேர்க்கலாமா என்று பார்த்தாள். குளம் நிறைந்து அப்போதுதான் கரை ஒதுங்கியிருந்த நிதானம், ஏழு தவளைகளோடு வந்து, "முதல்ல இதைக் கழட்டு! நான் கணக்கிலேயே இல்லை!" என்றான்.

பாதாளமூர்த்தி இடிச்சிரிப்புச் சிரித்தான். "ஒண்ணு குறையுதே மாப்பிள்ளை! கிளம்புங்க, குழிக்குப் போகலாம்!"

"போகலாம் மச்சான். உங்க குழி இப்ப எப்படி இருக்கு?" என்றான் கெட்டியப்பன் தும்மிக்கொண்டே.

பாதாளமூர்த்தியின் சிரிப்பு பாதியில் நின்றது. மழை இறங்கியதுமே அவன் வளை வாய்வரைக்கும் தண்ணீர். படுக்கை மிதந்து வெளியே வந்ததை அவனே துரத்திப் பிடித்திருந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், முனகலாகச் சொன்னான்:

"வளை வாசலுக்கு மேல... ஒரு சின்னக் கூரை... போட்டுக் குடுப்பீங்களா மாப்பிள்ளை?"

"பத்து!" என்று கத்தினாள் மரகதம்.

"பதினொண்ணு!" என்று வெளியேயிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளாடு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நின்றாள். அத்தனை பேரும் சேர்ந்து அவளைக் குளக்கரை வரைக்கும் துரத்தினார்கள்.

கெட்டியப்பன் மட்டும் போகவில்லை. அவர்கள் திரும்பும்போது குளக்கரையில் அறுத்து வந்த முதல் கட்டு விழலை வாங்கிக்கொண்டு, தன் வயிறு அடைத்திருந்த அந்தப் பொத்தலை அடைக்கப் பூங்காவனத்தின் கூரைமேல் ஏறினான்.

பழைய வாடிக்கைக்காரரின் பொத்தலை முதலில் அடைத்துக் கொடுப்பவனைப் புதிய வாடிக்கைக்காரர்கள் தாங்களே தேடி வருவார்கள்.