நாலு வரிச் சுவடி

முன்னொரு காலத்தில், எதைக் கண்டாலும் உடனே ஒரு சட்டம் போட்டுவிடும் ராஜா ஒருவர் இருந்தார். பின்பக்கமாக நடந்தால் பல்வலி போய்விடும் என்று எவனோ விற்ற ஓலைச்சுவடியை நம்பி நடந்தவர், நேராகத் தாமரைக் குளத்தில் போய் விழுந்தார். கரையேறித் தலை துவட்டுவதற்குள் சட்டம் தயார். புதுச் சுவடி எதுவானாலும் மூன்று புலவர்கள் கொண்ட சபை அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அதில் சொன்னதை நாட்டில் யாரும் செய்யக் கூடாது.

சட்டம் நல்ல சட்டம்தான். புலவர்கள்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

அரண்மனை விகடகவி சாத்தப்பன் ஆற்றங்கரை ஊர்க்காரன். முந்தின ஆடியில் புதுவெள்ளத் தண்ணீரைக் குடித்து, அவன் ஊரில் பதினோரு பேர் வாந்திபேதியில் போனார்கள். அரண்மனையில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஏன் என்று மடைப்பள்ளியில் பார்த்துத் தெரிந்துகொண்டவன், அழுதுகொண்டே ஒரு சுவடி எழுதினான். மொத்தமே நாலு வரி.

பானைக்குள் தேத்தாங்கொட்டையைத் தேய்.
தண்ணீரை ஊற்றித் தெளியவிடு.
தெளிந்ததைக் கொதிக்கவிடு.
ஆறிய பின் குடி.

அடுத்த வெள்ளத்துக்குள் இது கரையோர ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும் என்று தவித்தான்.

ராஜாவைச் சிரிக்கவைத்தே பேர் வாங்குகிறவன் மேல் புலவர்களுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். சபைத் தலைவர் சிவக்கொழுந்து நாவலர், காப்புச் செய்யுள் எங்கே என்று கேட்டார். இரண்டாமவர், பானை என்பது கொச்சை, மட்கலம் என்று மாற்று என்றார். கலங்கிய நீர் வயிற்றுக்கு ஆகாதென்று எந்த முனிவர் சொன்னார், மேற்கோள் காட்டு என்றார் மூன்றாமவர். குறை கண்ட இடத்தில் மஞ்சள் தடவித் திருப்பி அனுப்புவது அவர்கள் வழக்கம். சுவடி கல்யாண ஓலை மாதிரி திரும்பி வந்தது.

சாத்தப்பன் சொன்னதையெல்லாம் செய்தான். நாலு வரி நாற்பதாயிற்று. அதைப் படகுத்துறையில் படித்துக் காட்டினான்.

"ரொம்ப நல்லாயிருக்குங்க. எந்தச் சாமி பாட்டு?" என்றான் படகோட்டி.

அன்றே பழைய நாலு வரியை மறுபடி சபையில் வைத்தான். ஆராய்கிறோம் என்றார் நாவலர். ஆராய்ந்தார்கள், ஆராய்ந்தார்கள், மூன்று மாதம் ஓடி ஆடியும் பிறந்துவிட்டது.

ஆற்றில் செந்தண்ணீர் வந்த அன்று புலவர்களுக்கு அரண்மனையில் விருந்து. சாத்தப்பன் காலையிலேயே மடைப்பள்ளிக்குப் போய், ராஜாவின் சட்டத்தைச் சமையல்காரர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு வந்தான்.

இலை போட்டாயிற்று. ராஜாவின் தங்கக் குவளையில் செக்கச்செவேலென்று தண்ணீர். அதில் ஒரு தலைப்பிரட்டை வாலாட்டிக்கொண்டிருந்தது. இது யார் வேலை என்று ராஜா உறுமினார்.

"தங்கள் சட்டத்தின் வேலை, மகாராஜா. தண்ணீரைத் தெளியவைத்துக் காய்ச்சச் சொல்கிறது அடியேன் சுவடி. சபை அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பாத சுவடியில் சொன்னதைச் சமையல்காரர்கள் எப்படிச் செய்வார்கள்?"

நாவலர் பதறினார். இது காலங்காலமாக அரண்மனையில் செய்துவருவதுதானே என்றார்.

"பெரியவர்கள் கேட்ட மேற்கோள் கிடைத்துவிட்டது," என்றான் சாத்தப்பன். "இன்னும் சந்தேகமிருந்தால் குடித்துப் பார்த்தே ஆராயலாம்." மூன்று குவளைகளை மூவர் முன்னாலும் பணிவாக நகர்த்தி வைத்தான்.

மூவரும் குவளையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூட்டு பரிமாறி முடிவதற்குள் சுவடியில் மூன்று கையெழுத்தும் விழுந்துவிட்டன. ராஜா புரையேறும்வரை சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டு, சுவடிகளைக் கொண்டுபோகத் தன் படகையே கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் ஆளுக்கு நூறு படி எழுதித் தரும்படி புலவர்களுக்கு உத்தரவானது. பானை பானையாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

மறுநாள், வழியில் வந்த முதல் ஊரில் சாத்தப்பனே இறங்கிப் படித்துக் காட்டினான். தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தி, எழுத எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தாள். மூன்று மாதம் என்றான்.

"இந்த நாலு வரிக்கா?"

"நாலு வரி நாலு வரியாவே இருக்கணுமே தாயி, அதுக்குத்தான்."

அவள் அதற்குள் பானையைச் சாய்த்து, அவன் கொண்டுவந்திருந்த கொட்டையைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.