பெல்ட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

"மாட்டும்போது சேருது அம்மா. சுத்திப் பாத்தா வெலகிருது. நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டார் சிதம்பரவேல்.

மழைக்காரம்மா பள்ளத்திலிருந்து ஏறிவந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது வெலகுது?"

"கோடு."

"என்ன கோடு?"

"பெல்ட்டுல போட்டிருக்க வெள்ளைக் கோடு."

"சரி, உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

மலைப்பாதையின் அந்த வளைவில் ஒரு காலத்தில் மழை அளக்கும் நிலையம் இருந்தது. அதை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் போனபோது அவள் மட்டும் போகவில்லை. மழை அளப்பதையும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "பெஞ்சா நனையுதேன், போதாதா?" என்பாள்.

வயது நாற்பதுகூட இருக்காது. ஆனால் தலை நரைத்த பெரிய மனுஷர்களெல்லாம் மூச்சு வாங்க ஏறிவந்து அவளிடம் கேள்வி கேட்பார்கள். பதில் புரியாமல் இறங்கிப் போவார்கள். புரியாவிட்டாலும் மனசு லேசாகிவிட்டது என்று கீழே போய்ச் சொல்வார்கள். என்ன லேசோ, அவர்களுக்கே வெளிச்சம்.

சிதம்பரவேல் ஞானம் தேடி வந்த ஆளே இல்லை. அடிவாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய கார் வந்து நின்ற இடம் அவள் வாசலாகிப்போனது.

கார் தானாக நின்றது என்றும் சொல்ல முடியாது. அவர்தான் பயந்துபோய் நிறுத்தினார்.

"டைமிங் பெல்ட் வெடிச்சுக் கெடக்கு. ஏத்தத்துல அறுந்துச்சுன்னா இன்ஜினையே மறந்துர வேண்டியதுதான்" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். சொன்ன கையோடு கடையைப் பூட்டிக்கொண்டு ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டார். கொடை முடியாமல் அவர் எந்த வண்டியையும் தொடமாட்டார்.

சிதம்பரவேலுக்குக் காத்திருக்க நேரமில்லை. மலைக்கு அந்தப் பக்கம், தன் அண்ணன் வீட்டில், அவர் மனைவி ஆவுடை இருந்தாள். கோபித்துக்கொண்டு போனவள். நாளை காலை மும்பைக்கு ரயில் ஏறுகிறாள், அக்காவோடு அங்கேயே இருந்துவிட. ஏறினால் திரும்பமாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் ஒரு புது பெல்ட்டை வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, கடவுளே என்று கிளம்பிவிட்டார். பாதி மலையில் இன்ஜின் கிறீச்சென்றது. வளைவில் கொஞ்சம் சமதரையைப் பார்த்து ஓரங்கட்டி, தானே மாற்றிவிடுவது என்று ஸ்பானரை எடுத்தார். வாழ்க்கையில் சைக்கிள் செயின்கூட மாட்டாதவர். அடிவாரத்தில் வைத்து செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார், அவ்வளவுதான் படிப்பு.

"எனக்குக் காரைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. சின்னப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க" என்றாள் மழைக்காரம்மா.

அவர் சொன்னார்.

"மேல ஒரு பல்சக்கரம், கீழ ஒரு பல்சக்கரம். ரெண்டையும் சேத்துப் பிடிக்கது இந்தப் பெல்ட்டு. கீழ ரெண்டு சுத்து சுத்தினா மேல ஒரு சுத்து. ஒரு பல்லு மாறினாலும் உள்ள ஒண்ணோட ஒண்ணு முட்டி எல்லாம் வளைஞ்சு போவும்."

"மாறலைன்னு எப்படித் தெரியும்?"

"மேல் சக்கரத்துல ஒரு புள்ளி இருக்கு. அதுக்கு நேரா இன்ஜின்ல ஒரு புள்ளி. கீழயும் அதே மாதிரி. பெல்ட்டுல வெள்ளைக் கோடு போட்டிருக்கான். மாட்டும்போது கோடும் புள்ளியும் நேரா இருக்கணும்."

"இருக்கா?"

"இருக்கு. கனகச்சிதமா இருக்கு. அப்புறம் சாவியத் தொடாம, ஸ்பானரப் போட்டுக் கையாலயே சுத்திப் பாக்கணும்னு வீடியோவுல சொன்னான். சுத்தினா புள்ளியெல்லாம் திரும்ப வருது. இந்தக் கோடு மட்டும் வேற எங்கயோ போயிருது."

"அதனால?"

"கழட்டிட்டு மறுபடி மாட்டுதேன். மறுபடி சுத்துதேன். மறுபடி போயிருது."

காலையிலிருந்து அவர் செய்த வேலை அதுதான். மாட்டுவார், சுற்றுவார், கோட்டைக் காணாமல் தலையில் கை வைத்துக்கொள்வார், கழற்றுவார். வீடியோவை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றால் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

மேகம் வந்து காரை மூடிற்று. கொஞ்ச நேரம் கார் இல்லை, ரோடு இல்லை, இரண்டு குரல்கள் மட்டும் இருந்தன.

"எங்க போறீங்க அண்ணாச்சி?"

"ஆவுடையைக் கூப்பிட."

"கூப்பிட்டு?"

"பழையபடி இருக்கணும்."

"பழையபடின்னா?"

அவருக்குச் சட்டென்று பதில் வந்தது. அதைப் பல வருஷமாகத் தினமும் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்.

"கல்யாணமான புதுசுல எப்படி இருந்தா தெரியுமா? நான் கடையடைச்சு வருத வரைக்கும் சாப்பிடமாட்டா. நான் சொன்னதுக்கெல்லாம் சிரிப்பா. இப்ப அவளா தையல் வகுப்பு நடத்துதா. பொம்பளைகளெல்லாம் அவளத் தேடி வாராங்க. வீட்டுக்கு வந்தா அசதியா உக்காந்திருக்கா. முன்ன நீ இப்படியா இருந்தேன்னு கேட்டேன். கேக்கக்கூடாதா?"

"ஒரு தடவையா கேட்டீங்க?"

சிதம்பரவேல் ஸ்பானரைக் கைமாற்றிக்கொண்டார்.

"அவுக என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. மேகத்துக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நன்றாகவே அழுதார். ஆவுடை இல்லாத வீட்டில் ராத்திரி சோறு இறங்கவில்லை என்பதை இதுவரை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னார்.

மேகம் விலகியபோது மழைக்காரம்மா எழுந்து நின்றாள்.

"மாட்டுங்க" என்றாள்.

"மறுபடியுமா?"

"கோடும் புள்ளியும் சேர மாட்டுங்க. நானும் பாக்கணும்லா."

அவர் மாட்டினார். நாலைந்து தடவை செய்து கை பழகியிருந்தது. கோடு புள்ளிக்கு நேராக உட்கார்ந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் குட்டிச் சக்கரத்தை அழுத்தி போல்ட்டை முடுக்கினார். முடுக்கிவிட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட நிமிர்ந்தார்.

அவள் அவர் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். முன்பக்க டயர் ஏற்கெனவே கழற்றிக் கிடந்தது. டயர் இருந்த குழிவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழ்ச் சக்கரத்து போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள்.

"நீங்க மேல பாத்துச் சொல்லுங்க. கீழ நான் பாக்கேன்."

பிளக்குகளைக் கழற்றி வைத்திருந்ததால் இன்ஜின் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. அவள் சுற்றினாள். பெல்ட் பூனைபோலச் சத்தமில்லாமல் நகர்ந்தது.

"கீழ புள்ளி வந்துட்டு. மேல?"

"மேலயும் வந்துட்டு."

"கோடு?"

"வரல. பாத்தீங்களா, நான் சொன்னேன்லா."

அவள் ஸ்பானரை எடுக்கவில்லை. மறுபடி சுற்றினாள்.

"கீழ வந்துட்டு. மேல?"

"வந்துட்டு."

"கோடு?"

"வரல."

மறுபடியும் சுற்றினாள்.

"அம்மா, கழட்டிருவோமா?"

"மேல வந்துட்டா?"

"வந்துட்டு."

"கோடு?"

"வரல."

மேகம் திரும்பவும் வந்தது. இந்த முறை இன்ஜினுக்குள்ளேயே புகுந்துகொண்டது. சிதம்பரவேல் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெள்ளைக்குள் ஒரு கறுப்புச் சக்கரம், அதன் புள்ளி, அதற்கு நேராக இன்னொரு புள்ளி. கோடு எங்கோ ஒரு வளைவில் ஏறி, எங்கோ ஒரு வளைவில் இறங்கிப்போயிற்று. போகும்போது அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதுபோல அவருக்கு இருந்தது.

"கீழ வந்துட்டு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"மேலயும்" என்றார்.

அவள் கோட்டைக் கேட்டாளா, அவரே சொன்னாரா என்பது தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இருவரும் கோட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

வந்துட்டு. வந்துட்டு. வந்துட்டு.

காடு சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போயிற்று. ஓட்டுநர் எட்டிப் பார்த்து என்னவோ கேட்டார். அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். சிதம்பரவேலுக்கு ஆவுடை ஞாபகம் வந்தது. கல்யாணப் புடவையில் அல்ல, தையல் மெஷினுக்கு முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாயில் ஒரு ஊசியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆவுடை. அவளுக்கு எப்போது கண்ணாடி வந்தது? அவர் யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.

அவர் மனசு அதிலேயே கிடந்தபோது, கண்ணுக்கு எதிரே வெள்ளையாக ஒன்று மெல்ல ஏறி வந்தது. வந்து, மேல் புள்ளிக்கு நேராக நின்றது.

"அம்மா! கோடு! கோடு வந்துட்டு!"

சின்னப்பிள்ளைபோலக் கத்தினார். குதிக்காத குறை.

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"சேந்துட்டும்மா! மாட்டும்போது இருந்த அதே எடம். துளிகூட வெலகல."

மழைக்காரம்மா ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அவருக்குப் பக்கத்தில் வந்து இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா, சேந்துதான் இருக்கு" என்றாள். "கோடு போனப்பவும் புள்ளி ஒரு தடவகூடத் தப்பலயே. இப்படியே நிறுத்தி வச்சுக்கிடுதீங்களா, வண்டிய எடுக்கீங்களா?"

சிதம்பரவேல் கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

பிறகு குனிந்து மூடியை எடுத்து பெல்ட்டை மூடினார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். பிளக்குகளைப் போட்டு, டயரை மாட்டி, ஜாக்கியை இறக்கினார். அவர் வேலையை முடித்தபோது மழைக்காரம்மா அங்கே இல்லை. மேகத்துக்குள் எங்கோ துணி உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பொழுது சாயும் நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. வாசலில் கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே ஆவுடை நின்றிருந்தாள். கார் சத்தம் கேட்டும் அவள் அசையவில்லை. அவர் இறங்கி வந்து, நான்கு அடி தள்ளியே நின்றார்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

"நீ இப்ப எப்படி இருக்கே? அதக் கேக்கத்தான் வந்தேன்."

ஆவுடை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முழங்கை வரை கிரீஸ்.

"போய்க் கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். "சொல்லுதேன்."