மாசிலாமணி விற்ற வண்டிவீடு

பூவரசங்கோட்டை ராஜா வாசவராயருக்கு ஒருநாள் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஊர் ஊராகப் போய்க் குடிமக்களின் குறைகளைக் கேட்கவேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் தன் கட்டிலும் தன் ஊஞ்சலும் தன் வெந்நீர் அண்டாவும் இல்லாமல் ராஜாவுக்கு ஒரு பொழுது ஓடாது. ஆகவே வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்து இழுத்துக்கொண்டு போவதென்று முடிவாயிற்று.

அப்படிப்பட்ட வண்டிவீடு செய்து விற்பவர் அந்தச் சீமையிலேயே ஒருவர்தான். பெயர் மாசிலாமணி. மாசில்லாதது பெயரில் மட்டும்தான். போன வருஷம் அவரிடம் ஐந்நூறு பொன்னுக்கு ஒரு ரதம் பேசினார்கள். அது அரண்மனை வந்து சேர்வதற்குள் எண்ணூறு பொன் பறந்துவிட்டது. அந்த எரிச்சல் ராஜாவுக்கு இன்னும் அடங்கவில்லை.

அதனால் சபையில் விருத்தகிரியைக் கூப்பிட்டார். வாய்ச் சாமர்த்தியத்தால் பிழைக்கிறவர் விருத்தகிரி. அந்த வாய் சம்பாதித்துக் கொடுத்த மூன்று காணி நிலம்தான் அவருடைய மொத்த ஆஸ்தி.

"விருத்தகிரி! இந்தாரும் ஆயிரம் பொன். வண்டிவீட்டை வாங்கி, நான் குடியேறும்படி செய்யும். இதற்குமேல் ஒரு காசு கேட்டு வந்தீரோ, உம்முடைய மூன்று காணியும் கஜானாவுக்குச் சொந்தம்."

"மகாராஜா, இப்போதுதான் வாழை வைத்திருக்கிறேன்..."

"வைத்தீரா? நல்லது. அரண்மனைக்கும் பழம் வேண்டியிருக்கிறது."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. விருத்தகிரி மட்டும் சிரிக்காமல் பொன்னை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாசிலாமணியின் கொட்டகையில் ராஜ உபசாரம் நடந்தது. பானகம் வந்தது, விசிறி வந்தது. வண்டிவீடும் ஜோராகத்தான் இருந்தது.

"ஆயிரம் பொன். அவ்வளவுதானே?" என்றார் விருத்தகிரி.

"அவ்வளவேதான் சுவாமி! நான் என்ன கொள்ளைக்காரனா?"

பொன் கைமாறியது. விற்பனை ஓலையும் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் மாசிலாமணி மடியிலிருந்து இன்னோர் ஓலைக்கட்டை எடுத்துப் பிரித்தார்.

"சக்கரம் பூட்டுக்கூலி எண்பது. அச்சுக்கு மை முப்பது."

"சக்கரம் இல்லாமல் ஏது ஐயா வண்டி?"

"சக்கரம் வண்டியோடு சேர்த்தி சுவாமி. பூட்டுவதுதான் தனி. கழுவித் துடைத்தது நாற்பது. வெயில் படாமல் நிறுத்தினோமே, அந்த நிழலுக்கு இருபது. திருஷ்டிப் பூசணிக்காய் பத்து."

"பூசணிக்காய்க்குப் பத்துப் பொன்னா!"

"உள்ளே குங்குமம் வைத்திருக்கிறோமே! அரண்மனையில் கொண்டுவந்து சேர்க்க நூற்றறுபது. ஆக முந்நூற்று நாற்பது."

"வண்டியே வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடும்."

"விற்ற பண்டம் திரும்பாது. ஓலையிலேயே இருக்கிறதே."

"எங்கே இருக்கிறது?"

"பின்பக்கம்."

விருத்தகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் வாழைத்தோட்டம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வண்டிவீட்டை ஒரு தரம் சுற்றிவந்தார். கட்டில் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, அண்டாவும் இருந்தது. அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"பூட்டவேண்டாம், மை வேண்டாம், கொண்டுவரவும் வேண்டாம். இது இங்கேயே நிற்கலாமா?"

கூலியைப் புரட்டிக்கொண்டு எப்படியும் திரும்பி வருவார் என்று மாசிலாமணி கணக்குப் போட்டார். "தாராளமாக! ராஜாவின் சொத்து. ஒரு மாதம் நிற்கட்டுமே. அதற்குக் கூலி கேட்டால் நான் மனுஷனா?"

"அதையும் எழுதிக் கொடும்."

மாசிலாமணி சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் முரசு முழங்கியது. மாசிலாமணி ஓடிவந்து பார்த்தார். முன்னால் இரண்டு யானைகள். பின்னால் இருபத்துநாலு குதிரைகள், அறுபது சேவகர்கள், நாதஸ்வர கோஷ்டி, சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வரும் பதினொரு புலவர்கள். நடுவில் ராஜா.

"மகாராஜாவின் பயணத்தில் முதல் தங்கல் இந்த வாசல்!" என்று விருத்தகிரி அறிவித்தார்.

மாசிலாமணிக்குத் தலை சுற்றியது. பூவரசங்கோட்டை வழக்கம் அப்படி. பயணத்தில் ராஜா யார் வாசலில் தங்குகிறாரோ, அவர்தான் பரிவாரம் முழுவதற்கும் சோறு போடவேண்டும். யானைக்கும் சேர்த்துத்தான். ராஜா வருகிறார் என்றாலே பல ஊர்களில் கதவைச் சாத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். குடிமக்களுக்கு இருந்த பெரிய குறையே அதுதான். அதை மட்டும் ராஜாவிடம் யாரும் சொன்னதில்லை.

"இது... இது என் கொட்டகை சுவாமி..."

"கொட்டகை உம்முடையது. வீடு மகாராஜாவுடையது. ஒரு மாதம் நிற்கலாம் என்று நீர்தானே எழுதிக் கொடுத்தீர்? மகாராஜா தங்குவதற்குக் கூலி எதுவும் கிடையாது. யானைக்குக் கரும்பு மட்டும் தனி. குதிரைக்குக் கொள்ளு தனி. புலவர்களுக்கு நெய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்."

முதல் நாள் நெற்குதிர் பாதியானது. இரண்டாம் நாள் அது காலி. மூன்றாம் நாள் காலை யானை ஒன்று கொட்டகைக் கூரையைத் தின்ன ஆரம்பித்தது. மாசிலாமணி விருத்தகிரியின் காலிலேயே விழுந்தார்.

"சக்கரத்தை என் கையாலேயே பூட்டுகிறேன் சுவாமி! மையும் நானே போடுகிறேன். அரண்மனை வரைக்கும் நானே இழுத்து வருகிறேன். ஒரு காசு வேண்டாம். கிளம்பினால் போதும்!"

உள்ளே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்த ராஜா தலையை நீட்டினார். "ஏன் கிளம்பவேண்டும்? உன் வீட்டு அதிரசம் பிரமாதம்! குறைகளை இங்கிருந்தபடியே கேட்டுக்கொள்கிறேன்."

மாசிலாமணி விக்கி விக்கி அழுதார். "எப்படியாவது கிளப்பிவிடுங்கள் சுவாமி!"

"கிளப்பிவிடலாம். ஆனால் வழியனுப்பு மரியாதை என்று ஒன்று இருக்கிறது. தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, முந்நூற்று நாற்பது பொன்."

"ஐயோ! இதை முதல் நாளே சொல்லக்கூடாதா?"

"முதல் நாளே சொன்னால் எந்த வியாபாரம் ஐயா நடக்கும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் வண்டிவீடே குலுங்கியது. பொன் வந்ததும் அதை அப்படியே தாம்பாளத்தோடு தூக்கி விருத்தகிரியின் கையில் கொடுத்தார். "இது உமக்கு! உம்முடைய வாழையும் உமக்கே!"

சக்கரம் உருண்டது. மாசிலாமணி மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சுவாமி! அது வெள்ளித் தாம்பாளம்! என் வீட்டுத் தாம்பாளம்!"

விருத்தகிரி வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"தாம்பாளம் மரியாதையோடு சேர்த்தி ஐயா. திருப்பிக் கொடுப்பதுதான் தனி."