பால் குடித்த இன்ஜின்

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, சீடரைத் தவிர.

சீடர் பெயர் சங்கிலி. மடத்தை நிறுவிய பெரியசாமிக்கு வண்டி ஓட்டியவர். பெரியசாமி சமாதியான அன்று அவருடைய பிக்கப் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு வண்டியை யாரும் ஓட்டவில்லை. அதற்காகக் கவனிக்காமலும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பானட்டுக்குப் பாலாபிஷேகம் நடந்தது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வரன் அமையாத பெண்களின் அம்மாக்கள் வந்து ஸ்டியரிங்கில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். ஓடிய காலத்தில்கூட அந்த வண்டிக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

மடத்தின் பொறுப்பு இப்போது தாயம்மையிடம் இருந்தது. பெரியசாமியே தனக்குப் பின் குருவாகக் கைகாட்டிவிட்டுப் போன ஆள். சங்கிலி அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார், காலிலும் விழுவார். ஆனால் மனசுக்குள் அவருக்குக் குரு ஒருவர்தான். அந்தக் குரு கொட்டகையில் இருந்தார்.

ஆனி மாதம் பாதி போயிருந்தது. மலைமேல் கூவல்காட்டிலிருந்து வெள்ளையன் என்பவர் இறங்கி வந்தார். போன வருஷம் மழை பொய்த்து, பசி தாங்காமல் விதைச் சாமையையும் குத்திச் சமைத்துத் தின்றுவிட்ட ஊர் அது. மடம் கீழே நாலு ஊரில் கேட்டு வாங்கி விதை மூட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தது. மேலே கொண்டுபோகத்தான் வழியில்லை. பார்க்க வந்த டெம்போக்காரர் முதல் வளைவில் பாதையைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். தலைச்சுமையாகத் தூக்கலாம் என்றால் ஊரில் திடமான ஆட்கள் எல்லோரும் பிழைப்புத் தேடி வெளியே போயிருந்தார்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க தாயி?" என்றார் வெள்ளையன். "ஒரு பெருமழை விழுந்தா காட்டாறு பாதையை அடைச்சிடும். அதுக்குள்ள விதை மேல வரலைன்னா இந்த வருஷமும் எங்க அடுப்புல பூனைதான் தூங்கும்."

தாயம்மை சங்கிலியைப் பார்த்தார். "பெரியசாமி அந்தப் பாதையில எப்படிப் போவாரு அண்ணே?"

"நம்ம வண்டியிலதாம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று சங்கிலிக்கு உறைத்தது.

"அது இப்ப வண்டி இல்லம்மா," என்றார் அவசரமாக. "அதுல பெரியசாமி இருக்காரு."

"அப்ப நல்லதாப் போச்சு. அவரையே கேட்டுட்டு வாங்க."

"என்னன்னு?"

"மூட்டையை ஏத்திக்கலாமான்னு."

சங்கிலி கொட்டகைக்குப் போய் வண்டியின் முன்னால் நின்றார். பெரியசாமி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பிரசவ வலியெடுத்த பெண்களையும், கால் ஒடிந்த கன்றுக்குட்டிகளையும், தண்ணீர்க் குடங்களையும் அதே வண்டியில் ஏற்றி இறக்கிய மனிதர் அவர். என்ன பதில் வரும் என்று சங்கிலிக்குத் தெரியாதா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி யார் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

பானட் திறக்கவில்லை. காய்ந்த சந்தனம் இடுக்கெல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. மடப்பள்ளியிலிருந்து தோசைத் திருப்பியை வாங்கிவந்து சுரண்டினார். திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. சாமந்தி மாலைகளைக் கொண்டு எலிகள் உள்ளே சம்சாரம் நடத்தியிருந்தன. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. வெள்ளையனும் சேர்ந்து அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று சுத்தமாக இருந்தன. நான்காவதில் துரு. பானட் இடுக்கு வழியாக இறங்கிய பால், கார்புரேட்டருக்குள் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் போய், வருஷக்கணக்காக அங்கேயே தங்கிவிட்டிருந்தது. யார் ஊற்றிய பால் என்று கேட்கவேண்டியதில்லை.

சங்கிலி மண்ணில் உட்கார்ந்து அழுதார். பெரியசாமி போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

தாயம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா கெடுத்தேன். வாராவாரம் ஊத்தின பாலு. பிஸ்டன் பிடிச்சிக்கிச்சி."

"நடுவுல ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலையா?"

"சாமியை யாராவது திறந்து பாப்பாங்களாம்மா?"

தாயம்மை சிரிக்கவில்லை. "என்ன ஊத்தினா விடும்?"

"டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஊறவிடணும்."

"அப்ப இந்த வெள்ளிக்கிழமை அதை ஊத்துங்க."

ஊற்றினார். அன்றைக்குப் பால் சொம்புகளோடு வந்த பெண்கள், சந்தனமெல்லாம் சுரண்டப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்ற வண்டியைப் பார்த்துத் திகைத்துவிட்டார்கள். "சாமி வண்டியை இப்படி மூளியாக்கிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். சங்கிலி தலைகுனிந்து நின்றார். தாயம்மை பாலை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு போய், டீ போட்டு, சங்கிலிக்கும் வெள்ளையனுக்கும் கொடுத்தார்.

"குடிங்க. அபிஷேகம் சரியான இடத்துக்குப் போகட்டும்."

அதற்குப் பிறகு சங்கிலி வேறு ஆளாகிவிட்டார். காலையில் ஹேண்டிலைப் பிடித்தால் வெயில் சாயும்வரை விடமாட்டார். முரட்டுத்தனமாக அழுத்தவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குழந்தைக்குச் சோறூட்டும் பொறுமையோடு ஆட்டிக்கொண்டே இருந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது அவருக்குப் பழமொழியாக இல்லை, வேலையாக இருந்தது. கை கொப்பளித்தது. துணி சுற்றிக்கொண்டார். பிசினாகிக் கிடந்த பெட்ரோலைக் கொட்டிவிட்டு, டேங்கில் ஜல்லி போட்டு உருட்டித் துருவை எடுத்தார். டயரும் பேட்டரியும் இரவல் வந்தன. மலைமேல் மேகம் கூடக்கூட அவருக்கு வீம்பும் கூடியது.

ஒரு மதியம் ஹேண்டில் ஒரு விரல்கடை நகர்ந்தது. அடுத்த நாள் கால் சுற்று. அதற்கடுத்த நாள் முழுசாக ஒரு சுற்று.

பிறகு ஒரு நாள் வண்டி இருமியது. மறுபடி இருமியது. கருகிய பால் வாடையோடு கொட்டகை நிறையப் புகையைக் கக்கிவிட்டு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. வெள்ளையன் விசில் அடித்தார். சங்கிலி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடினார்.

"அம்மா! ஓடுதும்மா!"

"நிக்குமா?" என்றார் தாயம்மை.

சங்கிலி திரும்பிப் போய் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் தரைவரைக்கும் இறங்கியது.

"இதைப் பிரிச்சா இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும்மா. மழை முந்திக்கும்!" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மெதுவாப் போனா போயிடலாம்."

"போயிடலாம். ஆனா விதையைப் பள்ளத்துல தூவவா கேட்டாங்க?"

சங்கிலி முணுமுணுத்துக்கொண்டே நாலு சக்கரத்தையும் கழற்றினார். பிரேக் ரப்பரெல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. புதுசு மாட்டினார். மழை இன்னும் வரவில்லை, ஆனால் காற்றில் ஈரம் இருந்தது.

மூட்டைகளை ஏற்றிய காலையில், ஓட்டும் சீட்டில் உட்கார்ந்த சங்கிலி சாவியைப் போடாமல் தயங்கினார். தாயம்மை பக்கத்தில் ஏறிக்கொண்டார். வெள்ளையன் பின்னால் மூட்டைமேல் இருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"இவ்வளவு நாள் பெரியசாமி இதுல இருக்காருன்னு நம்பிட்டேன். இப்ப கழட்டி, கழுவி, பாதியை மாத்தியாச்சு. அவரு இன்னும் இதுல இருக்காரா, போயிட்டாரா?"

"மேகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப எடுங்க."

வண்டி மலை ஏறியது. ஐந்தாவது வளைவில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. பின்னால் அதலபாதாளம். சங்கிலி பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. வெள்ளையன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். கொதித்த இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார்கள். சங்கிலி தாயம்மையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். முதல் தடவையாக அந்தக் கும்பிடு அவருடைய மனசிலிருந்து வந்தது.

காட்டாற்றில் அப்போதுதான் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. தாண்டிவிட்டார்கள்.

கூவல்காட்டில் வண்டி நுழைந்தபோது தூறல் போட்டது. பெண்கள் முறங்களையும் கோணிகளையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மூட்டைகள் கைமாறின. விதை நனைவதற்குள் கூரைக்குள் போயாகவேண்டும்.

அந்தப் பரபரப்பில் ஒருவர் கைகளால் காற்றைத் துழாவிக்கொண்டு வந்தார். அவருக்குக் கண் தெரியாது. வண்டியின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தச் சத்தம் எனக்கு மறக்குமா? பெரியசாமிதானே வந்திருக்காரு?"

சங்கிலிக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதர் இரண்டு கையையும் நீட்டியபடி பதிலுக்காகக் காத்திருந்தார். சங்கிலி தாயம்மையிடம் ஓடினார். அவர் இடுப்பில் ஒரு கோணியை அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பெரியசாமி வந்திருக்காரான்னு கேக்குறாரு. என்னன்னு சொல்லட்டும்?"

தாயம்மை நிற்கவில்லை.

"ஒரு மூட்டையை எடுத்து அவரு கையில குடுங்க அண்ணே. வந்தது யாருன்னு அவரே சொல்லுவாரு."