திங்கள்கிழமைக்காரரும் வியாழக்கிழமைக்காரியும்

ஒரு டாக்டரின் கதை சொல்கிறேன். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். அதற்குள் அந்த அம்மாளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் கெர்லிண்ட் ஃபோஸ்பெர்க். ஜெர்மனியில் காஸல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் பிரசவம் பார்த்தவர். அவரிடம் வந்த பெண்கள் உண்மையான சங்கதியைப் புறப்படும்போதுதான் சொன்னார்கள். கதவில் கை வைத்துக்கொண்டு, “டாக்டர், இன்னொன்று...” என்று தொடங்குவார்கள். பாதியில் முகம் சிவந்து போய்விடுவார்கள். அந்த மீதிப் பாதியைக் கேட்பதற்காகவே கெர்லிண்ட் நாற்பது வயதில் மறுபடியும் மாணவியாகி, பாலியல் சிகிச்சை படித்தார்.

படித்து வந்து மருத்துவமனையில் ஓர் அறை கேட்டார். “இங்கே மரியாதையான குடும்பங்கள் வருகின்றன” என்றார் தலைமை மருத்துவர்.

“அவர்களுக்காகத்தான் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு, கெர்லிண்ட் வேலையை விட்டார்.

ஒரு செருப்புக் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். பெயர்ப்பலகை எழுத வந்த ஆள் ‘பாலியல்’ என்ற சொல்லை எழுத மறுத்ததால், ஏணியில் ஏறித் தானே எழுதினார். முதல் நான்கு மாதத்தில் வந்தவர்கள் மூன்றே பேர். பிறகு வந்தார்கள், ஆனால் யாரும் தெருப்பக்கத்துக் கதவு வழியாக நேராக மாடிக்கு ஏறவில்லை. செருப்பு வாங்குவதுபோல் கடைக்குள் நுழைந்து, கடைக்குள்ளிருந்த படி வழியாக ஏறினார்கள். வெறுங்கையோடு இறங்கக் கூச்சப்பட்டுப் பலர் செருப்பும் வாங்கிப் போனார்கள்.

அப்படி ஏறி வந்தவர்களில் ஒருவர் ராய்னர். ரயில் எஞ்சின் ஓட்டுநர், ஐம்பத்திரண்டு வயது. திங்கள்கிழமைதோறும் வருவார். சர்க்கரை நோய் அவர் ஆண்மையைப் பாதித்திருந்தது. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கூடத்தில், ‘ஜெனரல்’ என்று அவர் பெயர் வைத்த பாடும் பறவையின் கூண்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தார்.

“நான் இங்கே வருவது அவளுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் செய்யுங்கள்” என்றார் முதல் நாளே. டாக்டர் வாக்குக் கொடுத்தார்.

வியாழக்கிழமைகளில் ஒரு பெண் வந்தாள். பிரிகிட்டே என்று பெயர் சொன்னாள். குடும்பப் பெயராகத் தன் பிறந்த வீட்டுப் பெயரைக் கொடுத்தாள். புற்றுநோய்க்காக அவளுடைய ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். “என் கணவர் என்னைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அருவருப்பாக இருக்கிறது போலும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்” என்றாள். அவளும் அதே வாக்கைக் கேட்டாள். டாக்டர் அவளுக்கும் கொடுத்தார்.

ஏழாவது வாரம் பிரிகிட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவருக்கு என்னைவிட அந்த ஜெனரல்தான் பெரிது.”

“எந்த ஜெனரல்?”

“கூடத்தில் இருக்கிற பறவை, டாக்டர்.”

டாக்டரின் பேனா நின்றது. இருவரும் கணவன் மனைவி! தன் உடம்புதான் குற்றவாளி என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. அந்தத் திங்கள்கிழமைதான் ராய்னர், ஹாம்பர்க்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார். “நான் விலகிக்கொண்டால் அவளாவது நன்றாக வாழ்வாள்.” இப்போது பிரிகிட்டே சொன்னாள்: “வக்கீலைப் பார்த்துவிட்டேன். அவரை விடுதலை செய்துவிடுகிறேன்.” மாற்றலுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த உர்செல் இரண்டு பேரின் விலாசத்தையும் பார்த்துத் தானாகவே புரிந்துகொண்டிருந்தாள். “இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள் டாக்டர். குடும்பம் பிழைத்தால் யார் கோபிக்கப் போகிறார்கள்? சொல்ல முடியாவிட்டால் விடுங்கள், ஒரே நேரத்துக்கு வரச் சொல்கிறேன். காத்திருக்கும் அறையில் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்” என்றாள்.

டாக்டர் தூங்கவில்லை. பெயர் சொல்லாமல், தன்னோடு படித்த டாக்டர் மெர்ட்டென்ஸிடம் யோசனை கேட்டார். அவர் கறாராகப் பேசினார்: “வாக்கு வாக்குதான். மணமுறிவுக்கு நீ பொறுப்பில்லை. ஒரு ரகசியம் வெளியே போனால், நாளைக்கு அந்தப் படியில் ஒருவர்கூட ஏற மாட்டார். நீ வாயைத் திறக்காதே.”

உர்செல் சொன்னபடி செய்தால் வாக்குப் போகும். மெர்ட்டென்ஸ் சொன்னபடி இருந்தால் குடும்பம் போகும். கெர்லிண்ட் இரண்டையும் செய்யவில்லை. ஆனால் வாக்கும் நின்றது, குடும்பமும் நின்றது.

அப்படியானால் அவர் என்ன செய்தார்? உர்செல், மெர்ட்டென்ஸ் இருவரில் யார் சொன்னது சரி?

விடை: இருவரும் பாதிதான் சரி. குடும்பத்தைக் கைவிடக் கூடாது என்றது உர்செலின் பாதி. வாக்கை மீறக் கூடாது என்றது மெர்ட்டென்ஸின் பாதி. வாக்கை மீறத்தான் டாக்டருக்கு உரிமையில்லை. வாங்கியவரிடமே போய் அதைத் திருப்பித் தரும்படி கேட்கலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. திங்கள்கிழமை ராய்னரிடம், “உங்கள் மனைவியிடம் நான் பேசட்டுமா?” என்று கேட்டார். “கூடவே கூடாது” என்றார் அவர். டாக்டர் வற்புறுத்தவில்லை. வியாழக்கிழமை அதே கேள்வியைப் பிரிகிட்டேயிடம் கேட்டார். அவள், “பேசுங்கள். இனி இழக்க என்ன இருக்கிறது?” என்றாள். கணவர் வந்துபோவதைப் பற்றி அவளிடம் டாக்டர் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த திங்கள்கிழமை ராய்னரிடம் மட்டும் சொன்னார்: “உங்கள் மனைவி என்னிடம் வருகிறார். நீங்கள் அவரை அருவருக்கிறீர்கள் என்று நம்புகிறார்.” ராய்னர் எழுந்தார். மேலங்கியைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினார். தன் ரகசியத்தை அவரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை இருவரும் கைகோத்துக்கொண்டு, செருப்புக் கடைக்குள் நுழையாமல், தெருப்பக்கத்துக் கதவு வழியாகவே மாடியேறி வந்தார்கள்.