குப்பையை அமுக்குன பெரிய பாக்குவெட்டி

ஒரு மலையூர்ல ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டத்துல ஒட்டி ஒட்டி எட்டு வீடு. கடைசி வீட்டுல வேம்புன்னு ஒருத்தி இருந்தா. இலை பறிக்கிறவ. கை சும்மாவே இருக்காது, எதையாவது கழட்டுவா, மாட்டுவா. "ம்" சொல்லு கண்ணு, அப்போதான் கதை நடக்கும். ஆங், அப்படி.

எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரே குப்பைத்தொட்டி. குப்பை வண்டி செவ்வாக்கிழமை மட்டும்தான் மலை ஏறும். வெள்ளிக்கிழமையே தொட்டி நிறைஞ்சு வழிஞ்சிடும், மூடியைச் சாத்தவே முடியாது.

அப்புறம் ஒருநாள் விடியக்காலை. ஒரே பனி. வேம்பு கதவைத் திறந்தா, கர்ர்... புர்ர்... தொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஒரு கரடி! பக்கத்துல புசுபுசுன்னு ஒரு குட்டி, பிஸ்கட் கவர் மூக்குல மாட்டிக்கிட்டு தும்முது, ஹச்! வேம்புக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு.

கரடி காட்டுக்குள்ள போனப்புறம் வனக்காவலர் வந்து, ஒரு பெரிய இரும்புக் கூண்டை ஓரமா இறக்கி வெச்சாரு.

"இனி ஒரு தடவை குப்பையைக் கிளறுச்சுன்னா, கூண்டைத் திறந்து வெச்சுப் புடிச்சு வேற காட்டுல விட்டுருவோம்மா."

"குட்டியையும் சேத்தா சார்?"

"எது மாட்டுதோ அதைத்தான் புடிக்க முடியும்."

வேம்பு தொட்டியைத் திரும்பிப் பாத்தா. தாய் மாட்டி குட்டி தனியா நின்னுட்டா? 'தொட்டி மூடுனா கரடி வராது. குப்பையை அமுக்குனா தொட்டி மூடும்'னு நினைச்சா. ம்? முழிச்சிருக்கியா? சரி.

முதல்ல அவளே தொட்டிக்குள்ள ஏறி மிதிச்சா. சதக், சதக், சதக்! தொட்டி சாஞ்சுது. கடகடகடன்னு வேம்பும் தொட்டியும் படிக்கட்டுல உருண்டு போயி, சவரியம்மா வீட்டு வாசல்ல நின்னுச்சு. சவரியம்மா யாரு? முதல் வீட்டுக்காரி, வாயில எப்பவும் வெத்தலை. "ஏன்டி, காலங்காத்தால உன்னையே குப்பையில போட்டுக்கிட்டியா?"ன்னா. வேம்புக்கு ரோசம்.

அப்புறம் ரெண்டாவது தடவை. கொய்யாமரக் கிளையில கயிறு போட்டு, ஒரு பாறாங்கல்லைத் தூக்கிக் கட்டி, விட்டா பாரு... தொபுக்கடீர்! குப்பை அமுங்கல, தொட்டி ரெண்டா பொளந்துச்சு. எட்டு வீட்டுச் சனமும் வெளிய வந்து வையுது. பாவம் வேம்பு, ஓன்னு அழுதுட்டா.

அப்போ சவரியம்மாவுக்கே மனசு கேக்கல. "அழாத, இந்தா, வெத்தலை போடு"ன்னு பாக்குவெட்டியை நீட்டுனா. வேம்பு அமுக்குறா, பாக்கு உடையவே மாட்டேங்குது.

"பாக்கை உள்ள தள்ளி, மூட்டுக்கிட்ட வைடி. கைப்பிடியை நுனியில புடிச்சு அமுக்கு."

கடக்! பாக்கு ரெண்டாச்சு. வேம்பு அப்படியே எந்திரிச்சா. "அக்கா! குப்பைதான் பாக்கு!"

"அழுது அழுது புத்தி கலங்கிருச்சா?"

"இல்லக்கா, தெளிஞ்சிருச்சு!"

அப்புறம் மூணாவது தடவை. பழைய இரும்பு டிரம்மை உருட்டிக்கிட்டு வந்து கல்சுவர் ஓரமா நிறுத்துனா. ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு நீளமா ஒரு சவுக்குக் கம்பு. அதோட ஒரு நுனியைச் சுவத்துல இருந்த வளையத்துல சங்கிலி போட்டு மாட்டுனா. சுவரோரமாவே, டிரம்முக்கு நேர் மேல, கம்புக்கு அடியில ஒரு கட்டை. கட்டை நுனியில டிரம்முக்குள்ள போறாப்புல வட்டப் பலகை. எட்ட இருந்த இன்னொரு நுனியைப் புடிச்சுத் தொங்குனா.

க்ரீச்... க்ரீச்... பொசுக்! குப்பை முழங்கால் அளவு இறங்கிடுச்சு! ஆனா உள்ள கெடந்த அழுகுன தக்காளி சர்ர்ருன்னு பீச்சி, சவரியம்மா மூஞ்சியெல்லாம் சிவப்பு. எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சவரியம்மா துடைச்சுக்கிட்டே, "இனி காய்கறிக் கழிவைக் குழியில புதைங்கடி, இதுல காஞ்ச குப்பை மட்டும்தான்!"னு சொல்லிட்டு, அவளும் வந்து கம்புல தொங்குனா. எல்லாருக்கும் குபீர்னு சிரிப்பு! அப்புறம் தினமும் ஒரு வீட்டுக்காரங்க தொங்குவாங்க. க்ரீச், பொசுக். மூடியைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாங்க. டக்.

ம்... கண்ணு சொக்குதா? கொஞ்சம்தான்.

திங்கக்கிழமை விடியக்காலை கரடி வந்துச்சு. வேம்பு ஜன்னல் வழியா பாக்குறா. கரடி மோந்துச்சு. ஸ்ஸ்... ஸ்ஸ்... டிரம்மைத் தள்ளுச்சு. அசையல. மூடியைப் பிறாண்டுச்சு. திறக்கல. குட்டி வேற கம்புல தொங்கிப் பாத்துச்சு, வழுக்கி டபக்குன்னு விழுந்துச்சு. தாய்க்கரடி அதை மூக்கால தள்ளிக்கிட்டு, மெதுவா, மெதுவா காட்டுக்குள்ள போயிருச்சு. அங்க நாவல்பழம் கொட்டிக் கெடந்துச்சு.

அப்புறமும் ஒரு வாரம் பாத்தாங்க. கரடி வரவே இல்ல. வனக்காவலர் வெறுங்கூண்டை வண்டியில ஏத்துனாரு. வேம்பு ஓடிப்போயி அதுக்கு ஒரு கை குடுத்தா.

கரடி காடு சேந்துச்சு, கதை கரை சேந்துச்சு. நீ தூக்கம் சேரு, கண்ணு.