ஓய்வு நாளில் கடலிறங்கிய ராக்கு

ராமநாதபுரம் சீமையில் கடலோரத்துச் சிற்றூர் ஒன்று. அங்கே ஆண்கள் மீனுக்குப் போவார்கள், பெண்கள் பாசிக்குப் போவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, கடலடிப் பாறையில் வளரும் பாசியைக் கிள்ளி வந்து காயவைத்து விற்பது அந்தப் பெண்களின் பிழைப்பு.

முன்பெல்லாம் தினமும் இறங்கினார்கள். அவசரத்தில் பாறையைச் சுரண்டியும் எடுத்தார்கள். வருஷம் போகப் போகப் பாறை மொட்டையாகிக்கொண்டே வந்தது. இப்படியே விட்டால் நம் மகள்களுக்கு வெறும் கல்தான் மிஞ்சும் என்று பயந்து, பெண்களே கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் இறங்குவது. மற்ற நாளெல்லாம் கடலுக்கு ஓய்வு. மீறுகிறவள் இரண்டு மாதம் கரையில் உட்கார வேண்டும். மாதா கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சிலரும், மாரியம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சிலரும் சத்தியம் செய்தார்கள்.

ராக்கு மட்டும் தயங்கினாள். புருஷன் இல்லாதவள், சின்னப் பிள்ளைகள், கடலை விட்டால் வேறு வேலை தெரியாது. அந்தப் பெண்களுக்குத் தலைவியான இன்னாசியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஓய்வு நாளில் உன் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் என் வாசலுக்கு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். அதை நம்பித்தான் ராக்குவும் சத்தியம் செய்தாள். பாறையில் பாசி மறுபடி தளிர்க்கத் தொடங்கியது.

ஐப்பசியில் ஓர் ஓய்வு நாள். ராக்கு வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு இன்னாசியம்மா வீட்டுக்குப் போனாள். அன்றைக்கென்று பார்த்து அங்கே மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வாசல் நிறையச் செருப்பு. இன்னாசியம்மா அவளைப் பார்த்து, அப்புறம் வா என்று கையைக் காட்டினாள். அதன்பிறகு கல்யாணப் பேச்சில் மறந்தே போனாள். பிள்ளைகள் பட்டினியாகத் தூங்கின. மறுநாளும் ஓய்வு நாள்தான். ஆனாலும் விடிந்ததும் ராக்கு கடலில் இறங்கினாள்.

அதைப் பார்த்தவள் பூமயில், ராக்குவின் அண்ணன் மனைவி. வீட்டைப் பாகம் பிரித்ததில் இருவருக்கும் பேச்சு நின்று வெகு காலம் ஆகிறது. ஆனாலும் அவள் யார் காதிலும் போய் ஓதவில்லை. சாயங்காலமே பெண்களைக் கூட்டி, ராக்குவை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னாள். ராக்குவும் மறைக்கவில்லை. பிள்ளைகளின் பசியைச் சொன்னாள், இன்னாசியம்மா வாசல்வரை போய்த் திரும்பியதையும் சொன்னாள்.

கூடியிருந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மாதம் இவள் கரையில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவது என்று முணுமுணுத்தார்கள். ஒருத்தி பூமயிலிடம், "இப்பவாச்சும் வயித்தெரிச்சல் அடங்குச்சா தாயீ?" என்று கேட்டாள்.

"அடங்கல. அது வேற, இது வேற," என்றாள் பூமயில்.

இன்னாசியம்மா அழுதுவிட்டாள். வாக்குத் தவறியது தான்தான் என்றாள். "ராக்குவ விட்டுருங்க. அவளுக்குப் பதிலா ரெண்டு மாசம் நான் கரையில உக்காந்துக்கிறேன்."

எல்லாரும் இளகினார்கள். பூமயில் மட்டும் ஒப்பவில்லை. இன்றைக்கு இவளுக்காக அக்கா உட்கார்ந்தால், நாளைக்கு வசதியுள்ளவள் கூலிக்கு ஆள் பிடித்து உட்கார வைப்பாள், பாறை மறுபடி மொட்டையாகும் என்றாள். அதோடு நிற்கவும் இல்லை. இனிமேல் இல்லாதவள் யார் வாசலுக்கும் போய் நிற்கக் கூடாது. ஓய்வு நாளில் முறைவைத்து நாம்தான் வீடுவீடாகப் போய் அடுப்பைப் பார்க்க வேண்டும், தண்டனையில் இருக்கிறவள் வீட்டையும் சேர்த்து என்றாள். முதல் முறை தன் வீட்டுடையது என்றும் சொன்னாள். "கட்டுப்பாடு கடலுக்கு. சோறு பிள்ளைகளுக்கு. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்புறீங்க?"

ராக்கு எழுந்து நின்றாள். "அக்கா எனக்காக உக்கார வேண்டாம். இறங்குனவ நானு, நானே உக்காருறேன். ஆனா மதினி, உங்க சோத்த எம் புள்ளைக திங்கும். நான் தொட மாட்டேன்."

"தொடாட்டிப் போ. பானையக் கழுவிக் குடு," என்றாள் பூமயில்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிள்ளைகளின் பசிக்காகச் சத்தியத்தை மீறி, தப்பிக்க வழி வந்தபோதும் தண்டனையை ஏற்றவள் ராக்கு. தன் பிழைக்கு வருந்தி அந்தத் தண்டனையைத் தானே சுமக்க வந்தவள் இன்னாசியம்மா. உறவென்று பார்க்காமல் தண்டனை கேட்டவள் பூமயில். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். ராக்குவை எந்தத் தாயும் குறை சொல்ல மாட்டாள், சாமியும் சொல்லாது. ஆனால் அவள் இறங்கியது தன் வீட்டுப் பசிக்கு மட்டும்தான் மருந்து. இன்னாசியம்மா நல்லவள், ஆனால் நல்லவள் வீட்டிலும் விசேஷம் வரும், காய்ச்சல் வரும், மறதி வரும். அவள் ஒருத்தியின் மனசை நம்பி ஓர் ஊர்ப் பிள்ளைகளின் சோற்றை விட முடியாது. அதனால் பூமயில் செய்ததே சரி. அவளுக்கு ராக்குவைப் பிடிக்கவே பிடிக்காது. பிடிக்காதவள் பிள்ளைக்கும் சோறு தவறாமல் போய்ச் சேரும்படி ஒரு முறையை வைத்தாள். அப்படி ஒரு முறை இருக்கிற ஊரில்தான், பசிக்கிற நாளிலும் ஒருத்தி கடலை விட்டுவைப்பாள்.